முதலில் 98-ஐப் பிரித்துப் பார்

அன்புள்ள பாப்பா,

2-ஐவிடப் பெரிய எந்த இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம் என்கிற கோல்ட்பாக் அனுமானத்துக்கு நீ எழுதிய நிரல் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் கிடைக்கும் பகா ஜோடிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குகிறதே, பிழையோ என்று கேட்டிருந்தாய். பிழை இல்லை. 98-ஐக் காகிதத்தில் பிரித்தால் காரணம் தெரியும்.

5-ஐக் கழித்தால் 93. 11-ஐக் கழித்தால் 87. 17-ஐக் கழித்தால் 81. எல்லாமே 3-இன் மடங்கு! 98-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. இந்தப் பகா எண்களுக்கும் மீதி 2. கழிக்கும்போது மீதி அடிபட்டுப் போகிறது. 3-ஐக் கழித்தால் 95, அதுவும் ஆகாது. ஆக, பாதியான 49-க்குள் மீதி 1 வருபவைதான் மிச்சம்: 7, 13, 19, 31, 37, 43. இதில் 7-க்கு ஜோடி 91. பகா எண் போலவே இருக்கும், ஆனால் 7×13. 13-க்கு 85, 43-க்கு 55. கடைசியில் தேறுவது 19+79, 31+67, 37+61 மட்டும்.

பக்கத்திலேயே இருக்கும் 96-க்கு 7 ஜோடிகள். அது 3-இன் மடங்கு என்பதால் பாதிப் பகா எண்கள் இப்படி வீணாவதில்லை. 100-க்கு 6, அது 5-இன் மடங்கு என்பது அங்கே கைகொடுக்கிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

நிரலில் சில திருத்தங்கள். ஒவ்வொரு முறையும் வகுத்துச் சோதிக்காதே. ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துவிட்டு, மிஞ்சுபவற்றைப் பகா எண்களாகக் கொள்ளும் எரடோஸ்தனிஸ் சல்லடையை ஒரே ஒரு முறை ஓட்டி வைத்துக்கொள். சல்லடையில், மடங்குகளை அடிக்கும் எண்ணான i-ஐ உச்ச வரம்பான N வரை விட்டிருக்கிறாய். i 46340-ஐத் தாண்டினால், அடிக்கத் தொடங்கும் இடமான i×i 32 பிட் முழு எண்ணில் அடங்காது, எதிர்மறையாகிவிடும். N-இன் வர்க்கமூலத்தோடு நிறுத்து. n என்ற எண்ணுக்கு ஜோடி தேடும்போது n/2 வரை, அதையும் சேர்த்து, போனால் போதும். சேர்க்காவிட்டால் 10-க்கு 5+5 விட்டுப்போகும். தாண்டினால் ஒரே ஜோடி இரண்டு முறை எண்ணப்படும். 4-ஐத் தனியாக வை, 2 உதவுவது அதற்கு மட்டுமே. 1742 ஜூன் 7 அன்று கணிதமேதை ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் 1-ஐயும் பகா எண்ணாகக் கொண்டார். நீ கொள்ளாதே.

ஒரு ஜோடி கிடைத்தால் போதுமென்றால் சிறிய பகா எண்ணிலிருந்து தேடு. 4×10¹⁸ வரை கணினியில் சரிபார்த்திருக்கிறார்கள். எந்த எண்ணுக்கும் 9781-க்கு மேல் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் எத்தனை கோடி சரிபார்த்தாலும் நிரூபணம் ஆகாது, அது இன்றுவரை யாருக்கும் கிட்டவில்லை.

திருத்தியதும் 992-ஐக் கொடுத்துப் பார். முதல் ஜோடி 73+919 என்று வர வேண்டும். அதற்கு முன்பே ஏதாவது வந்தால் சல்லடையில்தான் ஓட்டை.

அன்புடன்,
அப்பா