மகள் கேட்ட கேள்வி

அன்புள்ள மச்சான்,

உன் வொய்ஸ் மெசேஜ் கிடைத்தது. எனக்குப் பேசிப் போட வராது, எழுதினால்தான் சரி. இங்கே காலபோக அறுவடை முடிந்துவிட்டது. நெல் காயப்போட இடமில்லாமல் சனம் வழக்கம்போல ரோட்டோரத்தில் பரப்பி வைத்திருக்கிறது. பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் களைத்துப்போனான்.

மூத்தவள் ஏ.எல்லுக்கு வரலாறு எடுத்திருக்கிறாள். போன கிழமை, முதலாம் உலகப் போரில் நின்றவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டாள். ஒருவரும் இல்லை. கடைசியாகப் போனது ஃபுளோரன்ஸ் கிரீன் என்ற ஆங்கிலேயப் பெண், விமானப்படை மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறியவர், 2012 பெப்ரவரியில், 111 ஆக இரண்டு கிழமை இருக்கும்போது. சண்டை பிடித்தவர்களில் கடைசி ஆள் குளோட் சோல்ஸ், அதற்கு முந்தைய வருடம் அவுஸ்திரேலியாவில்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பவர் ஹரி பாட்ச் என்ற ஆங்கிலேயச் சிப்பாய். பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் இருந்த மேற்கு முனையின் பங்கர்களில் கிடந்தவர்களில் கடைசி மனிதர் (புத்தகத்தில் பதுங்குகுழி என்று இருக்கும், எங்களுக்கு அது பங்கர்தானே). 1917 செப்டெம்பர் 22இல் பெல்ஜியத்தில் பாஷன்டேல் சண்டையில் ஒரு செல் விழுந்து இவருக்குக் காயம், கூட நின்ற மூன்று சிநேகிதர் போய்விட்டார்கள். பிறகு குழாய் வேலை செய்து, கல்யாணம் முடித்து, நூறு வயது வரைக்கும் அந்தக் கதையை வாயில் எடுக்கவில்லை. வயோதிபர் இல்லத்தில் அறைக்கு வெளியே இருந்த அலுமாரி லைட் சட்டென்று எரிந்தால், அந்தச் செல் வெடித்த வெளிச்சம் திரும்பி வருமாம். இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் அம்மாவும் கிணற்றடி லைட்டை யாராவது திடீரென்று போட்டால் இன்றைக்கும் "படு பிள்ளை" என்று கத்துகிறா.

அவர் செத்தது 2009 ஜூலை 25, வயது 111. அப்போது நாங்கள் முகாமில் தண்ணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், உலகத்தில் யார் செத்தது யார் பிறந்தது என்று எங்களுக்கு என்ன தெரியும். பெரிய தேவாலயத்தில் அடக்க ஆராதனை நடந்தது. துப்பாக்கி எதுவும் வரக்கூடாது என்பது அவருடைய விருப்பம், அப்படியே செய்தார்கள். ஜெர்மன் சிப்பாய்களும் பெட்டியோடு நடந்தார்கள்.

ஜெர்மன் பக்கம் வேறு கதை. அவர்களுடைய கடைசி ஆள் எரிக் கெஸ்ட்னர் என்கிறார்கள், ஒரு நீதிபதி, 2008 ஜனவரி முதலாம் திகதி 107 வயதில் செத்தார். உயிரோடு இருக்கிற பழைய சிப்பாய்களின் பட்டியலை அந்த அரசாங்கம் வைத்திருக்கவே இல்லை, அதனால் அந்தச் சாவு கிட்டத்தட்ட ஒருவருக்கும் தெரியாமல் போனது. பிரான்சில் கடைசி ஆளான லசார் பொன்டிசெலிக்கு அரச மரியாதை தரக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள், அவர் முதலில் வேண்டாம் என்றார். மகளுக்கு இந்த வித்தியாசம் விளங்கவில்லை. தோற்ற பக்கத்தில் ஆர் மச்சான் கணக்கு வைப்பது என்று நானும் சொல்லவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன்.

பாட்ச் வருடா வருடம் செப்டெம்பர் 22ஐத்தான் தன் நினைவுநாளாக வைத்திருந்தார், அந்தப் போர் முடிந்த நாளென்று எல்லோரும் நினைவுகூரும் நவம்பர் 11 அவருக்கு வெறும் ஆரவாரம். எங்களுக்கும் ஏப்ரலில் ஒரு நாள் இருக்கிறது. நீ கோல் எடுப்பாய், மழையைப் பற்றிக் கதைப்போம், வைத்துவிடுவோம், அவனுடைய பெயர் வராது.

ஒன்று கேட்க வேண்டும். அவன் கடைசியாக ஓடித்திரிந்த சைக்கிள் பச்சை என்றுதான் எனக்கு ஞாபகம். அம்மா இல்லையாம், கறுப்பாம், பாரில் மட்டும் பச்சை டேப் சுற்றியிருந்ததாம். நீதான் அதிலே அதிகம் டபிள் போனவன். எழுது.

உன்
மச்சான்