பட்டி போடும் முன் தகட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. கடைசியாக வந்த வண்டிகளுக்கும் 2029-இல் 15 வயது நிறைந்துவிடும். கடலோர ஊர்களில் அந்த வயதில் ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) புதுப்பிக்கும் நாள் நெருங்கியதும் இந்த வண்டிகள் டிங்கரிங் (தகடு வேலை) பட்டறைக்குப் போய், ஒரே வாரத்தில் பளபளவென்று திரும்புகின்றன. அடுத்த ஐப்பசி மழைக்குள் கதவடியில் மறுபடியும் கொப்புளம். பணம் வீணானதைவிட, பெயிண்டுக்குப் பின்னால் தகடு இன்னும் ஒரு வருடம் அரிபட்டதுதான் பெரிய நஷ்டம்.

தின்ற இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும்; அதனால்தான் பெயிண்ட் உப்புகிறது. கதவிலும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியான ரன்னிங் போர்டிலும் அது பெரும்பாலும் உள்பக்கம் தொடங்கி வெளியே வருவது. வெளியே நாணயம் அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்னும். பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) அடைத்த இடம் மொத்தென்று கேட்கும். கனமான பட்டியில் காந்தம் ஒட்டாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வண்டிக்கு ஜீப்பைப் போலத் தனி சேஸிஸ் (பாரம் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடும் ரன்னிங் போர்டும்தான் பாரம் தாங்குகின்றன. ஆகவே கையிலிருக்கும் பணம் முதலில் அங்கே போக வேண்டும். அடுத்து, முன் ஷாக் அப்சார்பர் மேலே பூட்டும் இடமும் சீட் பெல்ட் போல்ட்டைச் சுற்றிய தகடும். பிரேக் பைப்பில் துரு செதிலாக உரிந்தால் பைப்பையே மாற்றிவிடுங்கள். பானட், டிக்கி கதவெல்லாம் அழகு விஷயம். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

மேலோட்டமான துரு என்றால் வெல்டிங் தேவையில்லை. கம்பி பிரஷ்ஷும் 80-ஆம் நம்பர் உப்புத்தாளும் கொண்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேயுங்கள். குழிக்குள் கறுப்பாக நிற்பதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி தடவலாம். ஆனால் தண்ணீரில் நன்றாகக் கழுவி, துடைத்து, வெயிலில் காய்ந்த பிறகுதான் பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு). அமிலம் மிச்சமிருந்தால் எபாக்சி பிரைமர் சரியாக இறுகாமல் பிற்பாடு ஏடு ஏடாக உரியும்.

ஓட்டை விழுந்துவிட்டால் வெட்டித்தான் ஆக வேண்டும். துரு முடியும் இடத்திலிருந்து இன்னும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டினால்தான் வெல்டிங் பிடிக்க நல்ல தகடு கிடைக்கும். தரைக்கு 20 கேஜ் (கேஜ் என்பது தகட்டின் கனத்தைக் குறிக்கும் எண்), கதவடிக்கு 22 கேஜ் சிஆர் ஷீட் (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு) போதும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகடு நெளிந்துவிடும். சிஓ2 (கரியமில வாயு) வெல்டிங்கில் அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக வைத்து, ஆற விட்டு, இடைவெளிகளை இடம் மாற்றி மாற்றி நிரப்பச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். சீட்டையும் கார்ப்பெட்டையும் வெளியே எடுங்கள். பெட்ரோல் பைப் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் பற்றவைக்கவே கூடாது. ரிவெட் அடித்து ஒட்டுப்போடுவது மலிவுதான், ஆனால் ரன்னிங் போர்டில் அது எந்தப் பாரத்தையும் தாங்காது.

வெல்டிங் முடிந்த தகட்டில் அன்றைக்கே எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். கடற்காற்றில் வெறும் தகடு மறுநாள் காலையிலேயே சிவந்துவிடும். தரையின் உள்பக்கத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். மூட்டுகளில் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை). பட்டி அதற்குப் பிறகுதான்: 100 கிராமுக்கு 2 கிராம் ஹார்டனர் (பட்டியை இறுக வைப்பது), கனம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் அதைப் பூசுவது நனைந்த துணியைப் போர்த்துவது போலத்தான். துருவை எடுக்காமல் அடியில் தார் கோட்டிங் அடித்தாலும் இதே கதிதான். தார் வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும்.

ரன்னிங் போர்டின் உள்ளே பிரஷ் போகாது. சந்துகளில் அடிக்கும் மெழுகு ஸ்ப்ரேயை நீளக் குழாய் வைத்து ஓட்டை வழியாக அடியுங்கள். பலரும் ஊற்றும் கழிவு ஆயில் ரப்பர் புஷ்களைக் கெடுத்துவிடும். இவ்வளவும் செய்துவிட்டு, கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளைப் பெயிண்டால் அடைத்துவிடுகிறார்கள். தீக்குச்சி நுழைகிறதா என்று பார்த்து வண்டியை எடுங்கள்.

இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரை சரியான காலம். பட்டறை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெட்டிய பிறகும் பிரைமர் அடித்த பிறகும் உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அல்லது செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள். உரிமையாளர்களும் பட்டி பூசும் நாளுக்கு முந்தின நாள் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, உப்பான போர்வெல் தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவாதீர்கள். மழை நீரைப் பிடித்து வைத்தால் இரண்டு குடம் போதும்.

இப்படிக்கு,
டிங்கரிங் தொழிலாளி ஒருவர்,
நாகப்பட்டினம்.