காற்றாலை போய்விட்டது, நிழல் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிறு பேக்கரியில் நீங்கள் மேசைமேல் விரித்த புகைப்படம் இப்போது என் முன்னால் இருக்கிறது. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம், பளபளப்புத் தாள். டியூப் லைட் வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசியதால் ஆளுக்கொரு பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். ஆறு பேரும் "அருமைங்க" என்றோம். நான் சற்று உரக்கவே சொன்னேன். முந்தைய வாரம் நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் திருத்திக் கொண்டுவந்த படமல்லவா? தன் பேச்சை இன்னொருவர் தட்டாமல் கேட்டுவிட்டால் யாருக்கும் கொஞ்சம் தலை கனக்கத்தான் செய்யும். "வீட்டில் வைத்து நிதானமாகப் பாருங்கள் அண்ணா" என்று கொடுத்துவிட்டுப் போனீர்கள். புதன்கிழமை இரவு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இடப்பக்கம் ஒன்றுமே இல்லாத வெறுந்தரையில் ஒரு நிழல் தொடங்குகிறது. மெல்லிய கோடு. காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் மேல் குறுக்காக ஓடி, கிளுவை வேலியில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வெள்வேல மரத்தடியில் போய் மூன்றாகப் பிரிந்து மங்குகிறது. காற்றாலையைத் துடைத்துவிட்டீர்கள். அதன் நிழலை விட்டுவிட்டீர்கள்.

சூரியன் அடிவானத்திலிருந்து பத்து டிகிரி ஏறியிருக்கும்போது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தைப் போல ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். அவ்வளவு பெரிய கோபுரத்தின் நிழல் வயல்கள் தாண்டிப் போய்விடும். துடைக்கிறவர் கோபுரத்தைச் சுற்றிலும் பார்ப்பாரே தவிர, அத்தனை தூரம் தள்ளி எங்கே தேடப்போகிறார்? உங்களைக் குறை சொல்லவில்லை. ஆறு பேர், ஆளுக்கு இருபது வருடத்துக்குக் குறையாத அனுபவம், ஒருவர் கண்ணிலும் படவில்லையே. தேங்காய் பன்னில் கவனம் இருந்திருக்கும்.

நிழலைக் கண்ட பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. நீங்கள் பூளவாடி தாண்டி, தெற்கே பார்த்து நின்று எடுத்திருக்கிறீர்கள். பின்னால் ஆனைமலை, உச்சியெல்லாம் மேகம். ஆடி மாதக் காலை. நடுவில் நிற்கும் மூன்று பனைகளின் ஓலையும் ஒன்றுவிடாமல் இடப்பக்கமே வாரி விட்டதுபோல் கிடக்கின்றன. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத்தொடர்ச்சி மலை 30 கிலோமீட்டர் அளவுக்கு வாய் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அது. மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் வருகிற காற்று. நம் மண்ணில் கொரங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் நிலம் இருப்பதற்கும், அதில் காங்கேயம் மாடு மேய்வதற்கும், பக்கத்திலேயே காற்றாலை சுற்றுவதற்கும் காரணம் ஒன்றுதான். உங்கள் முதல் படத்தில் அந்த மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் இருந்தன. அதில் ஒன்றை எடுக்கச் சொன்னவன் நான்.

என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கிறது. "காற்றாலை கண்ணை உறுத்துகிறது தம்பி, அது இல்லாவிட்டால் படம் தாங்கும்." உறுத்தியது என் கண்ணை. தொண்ணூறுகளில் எங்கள் பங்காளிகள் காற்றாலைக்காக ஒரு கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்தார்கள். அளவுக்கல் நட்டதில் தகராறு வந்து, அண்ணன் தம்பி பேச்சு நின்று, இன்றைக்கும் ஒரு வீட்டு விசேஷத்துக்கு மற்ற வீட்டார் போவதில்லை. அந்த வெள்ளைக் கோபுரத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த அளவுக்கல்தான் ஞாபகம் வரும். அது உங்கள் படத்தின் குறையாகுமா? ஆனால் "கோணம்", "சமநிலை", "கவனச்சிதறல்" என்று மூன்று வார்த்தை சேர்த்துச் சொன்னதும் அது விமர்சனமாகிவிட்டது. நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். அந்த இடத்தில் "ஏனுங்கண்ணா, காற்றாலை இருந்தால் என்ன?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

படத்தில் கை வைக்கவே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஸ்டுடியோவில் பென்சில் முனையைச் சீவி நெகட்டிவ்மேல் முகப்பரு மறைத்தே குடும்பம் நடத்தியவன். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். அந்த ஒரே நெகட்டிவைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிந்திய பிரிண்ட்களில் வானம் கன்னங்கரேல் என்று இருக்கும். முந்தியவற்றில் மேகக் கீற்றுகள் நன்றாகத் தெரியும். அதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. கல்லறைச் சிலுவைகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன, நிலாவும் நின்ற இடத்தில்தான். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் வேறு வேலை செய்தது: அகலமான படத்தை நெட்டை அட்டைக்குள் அடக்குவதற்காக கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்துவிட்டது. நாலாயிரம் வருடத்துக்கு மேலாக அசையாதவை, அச்சுக்காக நகர்ந்தன. அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை.

ஸ்டுடியோ நாளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் காலமானபின், அவருடைய சின்னப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாலை போட வேண்டும் என்று பேரன்கள் கொண்டுவந்தார்கள். நெற்றி ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மரு. கேட்காமலேயே அதை எடுத்துவிட்டு, சுத்தமாகச் செய்து கொடுத்தேன். மறுநாள் படத்தோடு திரும்பி வந்தார்கள். பெரிய பேரன் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்: "இது எங்கள் அப்பிச்சி இல்லைங்க." காசு வாங்காமல் மறுபடி செய்துகொடுத்தேன். அப்படிப் பட்டவன்தான் உங்களிடம் காற்றாலையை எடுக்கச் சொன்னேன் பாருங்கள்.

சரி, இப்போது படத்துக்கு வருவோம். அந்த வாரமே நான் சொல்லியிருக்க வேண்டியவை இவை.

முதலில் வானம். நடுவில் ஒரு கரும்பட்டை, இரண்டு ஓரமும் வெளிறிப்போய். அது மேகம் இல்லை, லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் கண்ணாடி செய்த வேலை. சூரியனுக்கு 90 டிகிரி விலகிய வானத்தில்தான் அந்தக் கண்ணாடி அதிகமாக வேலை செய்யும். நீங்கள் சூரியனை இடது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள், 16 மி.மீ. லென்ஸ் கிடைமட்டமாகவே ஏறத்தாழ 97 டிகிரி பார்க்கும். நடுவானம் கறுக்காமல் என்ன செய்யும்? கழற்றிப் பைக்குள் போட்டிருக்கலாம்.

அடுத்தது இதைவிடப் பெரிது. 16 மி.மீ.யில் ஆனைமலை என்ன ஆயிற்று என்று பாருங்கள். சுவர்போல எழுந்து நிற்கிற மலை, பலகையில் சாக்பீஸ் இழுத்த கோடுபோலச் சுருங்கிவிட்டது. கீழே பாதிப் படத்துக்கு ஒன்றும் நடக்காத புல்தரை. அகல லென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுகிற குழி இது: எல்லாம் உள்ளே வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் எதுவும் பெரிதாக இல்லாமல் போய்விடும். அதே வேலியிலிருந்து நூறடி பின்னால் போய் 100 மி.மீ.யில் எடுத்திருந்தால் மலை எழுந்து பனைக்குப் பின்னால் வந்து நின்றிருக்கும். அகலமே வேண்டும் என்றால் எதிர்த்திசை: வேலியோடு ஒட்டி, முட்டி போட்டு, கிளுவை முள் முகத்தில் குத்துகிற அளவுக்குப் பக்கத்தில் போக வேண்டும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில், நின்ற உயரத்தில், சாலையோரமாக நின்று எடுத்திருக்கிறீர்கள். வண்டியை ஸ்டாண்டு போட்ட இடத்திலிருந்து பத்தடிகூட நகரவில்லை என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், நான் அதைச் சொல்லாமல் விட்டேன். வேலி இருக்கும் இடம் அபாரம். நம் ஊரில் படம் எடுக்கிறவர்கள் மலையைப் பார்த்தால் வால்பாறைக்கும், தண்ணீரைப் பார்த்தால் கொடிவேரிக்கும் வண்டி கட்டுவார்கள். கிளுவை வேலியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தினமும் பார்ப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இலையுதிர்ந்த கிளைகளுக்குள் காலை வெயில் நுழைந்து, முள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிற அந்த நாலு அங்குலம் போதும் எனக்கு. அதை மட்டும் வைத்தே ஒரு படம் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துதான் வண்டியை நிறுத்தியிருப்பீர்கள்.

அடுத்த ஞாயிறு வரும்போது முதல் பிரிண்ட்டையும் எடுத்து வாருங்கள், கேமரா பதிந்தபடியே இருக்கும் 'ரா' கோப்பு இருந்தால் அதையும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிழலை நானே விரல் வைத்துக் காட்டுகிறேன். சொன்னவன் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடுங்கள்; டியூப் லைட்டைப் பார்த்தது போதும்.

பேக்கரிக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறதே, என்னுடைய ஆழியாறு அணைப் படம், நீங்கள் எல்லோரும் நல்ல படம் என்பீர்களே, அதையும் அன்றைக்குக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறேன். ஃபிலிம் காலத்தில் எடுத்தது. அதில் ஒரு மின்கம்பத்தை நான் தூரிகையாலேயே துடைத்திருக்கிறேன். எந்த இடம் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். டீ என் கணக்கு.

அன்புடன்,
அண்ணன்