வழுதக்காடு மகளிர் கல்லூரியில் படித்த தெற்குத் தாலுகா அக்காமாருக்கு

அன்புள்ள அக்காமாரே, அம்மாமாரே,

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நாலு தாலுகாவிலிருந்தும் தகரப் பெட்டியோடு திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போனவர்கள் நீங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

என் அம்மா இரணியல்காரி. 1955இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது ஊரும் கல்லூரியும் ஒரே மாநிலம். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஹாஸ்டலில் இருந்தபடியே அம்மா வெளிமாநிலத்துக்காரி ஆகிவிட்டார். கிறிஸ்துமஸ் லீவுக்கு அதே ரோட்டில்தான் பஸ்ஸில் வந்தார், நடுவில் களியக்காவிளையில் எல்லை முளைத்திருந்தது. ரயிலெல்லாம் 1979இல்தானே வந்தது.

கல்லூரியின் வரலாறு தெரிந்ததுதான். திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாள் காலத்தில், 1864இல் பெண்பிள்ளைகளுக்கான சர்க்கார் பள்ளிக்கூடமாகத் தொடங்கி, 1897இல் கல்லூரியானது. 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. சரி, இந்த ஆண்டுகளை எங்கேயும் தேடி எடுத்துவிடலாம். ஹாஸ்டலில் தமிழ்ப் பிள்ளைகள் எந்த மேசையில் சேர்ந்து உட்கார்ந்தீர்கள், மலையாளம் எத்தனை மாதத்தில் வாய்க்கு வந்தது, வீட்டில் யாரிடம் சண்டை போட்டுப் படிக்க வந்தீர்கள் என்பதை உங்களைத் தவிர யார் சொல்வது?

அம்மா விட்டுப்போனதில் ஒரு வெள்ளைப் புடவை இருக்கிறது. கரையில் இரண்டு விரல் அகலத்துக்குச் செம்மண் கறை. மழைக்காலத்தில் அந்த வளாகத்தில் நடந்து நடந்து ஏறியது. எத்தனை முறை வெளுத்தும் போகவில்லை. நான் அதை இனி வெளுக்கப் போவதில்லை.

எழுதுங்கள் அக்கா. கண் தெரியவில்லை என்றால் பேத்தியின் போனில் பேசிப் பதியுங்கள். பிழை வந்தால் வரட்டும், பிள்ளைகள் திருத்திக்கொள்வார்கள். ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கும் போகட்டும். உங்களில் பலருக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும், அதனால்தான் இந்த அவசரம்.

அப்புறம், எனக்காக ஒன்று. “மழை பெய்தாலும் நனையாது மக்களே, அந்த மரத்துக்குக் கீழேதான் இருந்து படிப்போம்” என்பார் அம்மா. என்ன மரம் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆயினியா, மாவா? உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

பாறசாலையிலிருந்து,
உங்கள் தோழி ஒருத்தியின் மகள்