கண்குழியைச் சுரண்டாதீர்கள்: அஸ்தெக் சிலைகளைக் காக்கும் அருங்காட்சியகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். உங்கள் கூடங்களில், பழைய மெக்சிகோவின் அஸ்தெக் மக்கள் செதுக்கிய மனித உருவங்கள் வெறும் சாம்பல் நிறக் கல்லாக நிற்கின்றன. செதுக்கியவர்கள் அப்படி விட்டுப் போகவில்லை. கல் சுத்தியலால் கொத்தி, மணலும் நீரும் விட்டுத் தேய்த்த பிறகு, பலவற்றுக்குச் சுதை பூசி வண்ணம் தீட்டினார்கள். கண்ணில் சிப்பியும் எரிமலைக் கண்ணாடியும் பதித்தார்கள். சில சிலைகளின் நெஞ்சுக் குழியில் பச்சைக்கல் இதயம் இருந்தது.

அழிவு பெரும்பாலும் கழுவும்போதுதான் நேர்கிறது. வண்ணத்துக்கு அவர்கள் சேர்த்தது ஆர்க்கிட் செடியிலிருந்து எடுத்த பசை. தண்ணீர் பட்டால் இளகிவிடும். ஈரப் பிரஷ் ஒருமுறை ஓடினாலே காவி கரைந்து வழியும். துளைகள் நிறைந்த எரிமலைக் கல்லுக்குள் இறங்கிய நீர், காயும்போது உப்பை மேலே கொண்டுவரும். அது படிகமாகி, மிச்சமிருக்கும் வண்ணத்தையும் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும்.

ஆகவே துடைக்கும் முன் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியால் பாருங்கள். காது மடலின் பின்புறம், விரலிடுக்கு, அக்குள், ஆடை மடிப்பு: தேய்மானம் எட்டாத இந்த இடங்களில்தான் வண்ணம் தங்கியிருக்கும். கண்குழியில் ஒட்டியிருக்கும் கறுப்பு, பதித்த சிப்பியைப் பிடித்துவைத்த தாராக இருக்கலாம். அதைச் சுரண்டி எடுத்தால், அங்கே கண் இருந்ததற்கான சான்றே போய்விடும்.

மெக்சிகோ நகரில், அஸ்தெக்குகளின் பெருங்கோயிலான தெம்ப்ளோ மயோர் அருகே 2006இல் சுமார் 12 டன் எடையுள்ள த்லால்தெகுத்லி என்ற பூமித் தெய்வத்தின் சிற்பம் கிடைத்தபோது, அவசரப்பட்டுக் கழுவாமல் வண்ணத்தைக் கெட்டிப்படுத்தினார்கள். சிவப்பும் மஞ்சள் காவியும் நீலமும் இன்றும் அதில் தெரிகின்றன.

இன்னொரு வேண்டுகோள், காட்சிக்கு வைக்கும் முறை பற்றி. விரல்களை மடக்கி, நடுவே துளைவிட்ட கையோடு இருக்கும் ஆணுருவம் கொடி பிடித்தவராக இருக்கலாம். அத்துளையை உடைசல் என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட சிலைகள் தெம்ப்ளோ மயோரின் படிக்கட்டில் சாய்த்துவைக்கப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டன. நேர் வெளிச்சம் செதுக்கின் ஆழத்தை மழுங்கடிக்கும். விளக்கைப் பக்கத்தில் தாழ்த்தி வையுங்கள். முதுகைச் சுவரோடு ஒட்டாதீர்கள், பின்பக்கமும் செதுக்கியிருப்பார்கள்.

அடியையும் மறக்க வேண்டாம். 1790இல் கிடைத்த, சுமார் இரண்டரை மீட்டர் உயரமுள்ள, கோவாட்லிக்வே என்ற அஸ்தெக் பெண் தெய்வத்தின் சிலையின் அடிப்பாகத்திலும், நிற்கும்போது யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒரு தெய்வ உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் உள்ள சிலைகளின் அடியிலும் செதுக்கு இருந்தால், அதன் அச்சு வார்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கற்சிலைப் பாதுகாப்புப் பணியில் உள்ளவர்கள்