ஆறு நூல் பலகை

எட்மன்டன், கனடா,
15-6-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, அக்கா, மாமா, பாப்பா, தம்பி எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. லாரி பாடி கட்டும் சுத்தியல் சத்தத்திலேயே கெட்டுப்போன உங்கள் காதுக்குப் போனில் ஒன்றும் விளங்குவதில்லை, அம்மா நடுவில் நின்று உரக்கச் சொல்லிச் சொல்லிப் பாதி விஷயம் வழியிலேயே போய்விடுகிறது. அது தெரிந்தும் எழுதாமல் இருந்தது என் தப்புதான். மன்னித்துவிடுங்கள்.

“கையால் ஏதாவது வேலை செய்கிறாயா, இல்லை பெட்டி தூக்குவதோடு சரியா?” என்று கேட்டிருந்தீர்கள். செய்கிறேன் அப்பா. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு வண்டிக்கு பாடி வேலை பார்க்கிறேன். குடோனில் இப்போது வாரம் மூன்று நாள்தான் ஷிப்ட், அதனால் நேரம் நிறையக் கிடைக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவரை அம்மாவுக்குத் தெரியும். முதல் பனிக்காலத்தில் கதவைத் தட்டிப் பனி தள்ளும் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாரே, அவர்தான். எழுபத்தாறு வயது. அவருடைய கொள்ளுத்தாத்தா உக்ரைனிலிருந்து இந்தப் பக்கம் நிலம் உழ வந்தவராம். எட்மன்டனுக்குக் கிழக்கே அப்படி வந்த குடும்பங்கள் நூற்றுமுப்பது வருஷமாக இருக்கின்றன. மைனஸ் இருபதிலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார். அவருடைய வீட்டம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. ஷெட்டில் மூடி வைத்திருந்த வண்டியை அதற்குப் பிறகு அவர் வெளியே எடுக்கவே இல்லை.

வண்டி என்றால் எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன டிரெய்லர். டியர்டிராப் என்கிறார்கள். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, பாதி மாம்பழத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். உள்ளே நிற்க முடியாது, இரண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். பின்பக்கக் கதவை மேலே தூக்கினால் அடுப்படி. வெளியே நின்றுகொண்டு சமைக்க வேண்டும், கதவே தலைக்குமேல் கூரையாக நிற்கும். ஒரு முழுப் பிளைவுட் எட்டுக்கு நாலு, அப்படியே ஒரு பக்கச் சுவர். அதற்காகவே அமைந்த அளவு. இந்த நாட்டில் எல்லாம் கிலோமீட்டர், லிட்டர் கணக்கு, ஆனால் பலகைக் கடையில் இன்றும் அடி, அங்குலம்தான். சுவர் முக்கால் அங்குலம். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற உங்கள் கணக்கில், கடையில் நின்று “ஆறு நூல்” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டபோது உங்கள் குரல்தான் கேட்டது.

1930-களில் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம் இது. நமக்குச் சுதந்திரம் வந்த 1947-இல் அங்கே ஒரு மாத இதழ் இதன் வரைபடத்தை அளவுகளோடு அச்சிட்டதாம். அதைப் பார்த்து வீட்டுக் கொல்லையிலேயே ஆயிரக்கணக்கானோர் செய்துகொண்டார்கள். பெரியவரும் ஒரு பழைய வரைபடத்தை வைத்துத்தான் இருபது வருஷம் முன்னால் செய்திருக்கிறார். ரயில்வேயில் மெக்கானிக், இரும்பு வேலை சுத்தம். மரத்தில்தான் சில இடம் தவறிவிட்டது.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, சுவரை விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். லாரிப் பலகையை நீங்கள் தட்டிப் பார்க்கிற அதே மாதிரி. கீழ்ப்பக்கம் சத்தம் மந்தமாக வந்தது. உளியை வைத்ததும் இறங்கியது. பின்கதவுக்குக் கீழே முக்கால் அடி உயரத்துக்கு உளுத்துப் போயிருந்தது. எல்லாத் தண்ணீரும் அந்தக் கதவு வழியாக வந்ததுதான். இந்த வண்டிகளுக்கு உயிர்நிலை அந்தக் கீல்தான் அப்பா. அவர் போட்டிருந்தது சாதாரண நீளக் கீல், மேலே ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார், ரப்பர் வெடித்துவிட்டது. இப்போது வேறு கீல் போட்டோம். இரண்டு அலுமினியப் பட்டைகள், ஒன்றின் வளைவுக்குள் இன்னொன்று செருகி முழு அகலத்துக்கும் ஓடும். நடுவில் கம்பியும் இல்லை, இடுக்கும் இல்லை. மேலே விழுகிற தண்ணீர் வழிந்து போய்விடும்.

கதவின் பக்கவாட்டு இடுக்கை அடைக்க அவர் இன்னும் தடிமனாக ரப்பர் பீடிங் வைக்கலாம் என்றார். “தண்ணியை மறிக்காதே, போக வழி வை” என்று பஸ் ஜன்னலுக்கு நீங்கள் சொல்வீர்களே, அதைச் சொன்னேன். அவருக்குப் புரிய வைக்கத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். பீடிங்குக்கு உள்பக்கம் இரண்டு பக்கமும் வாய்க்கால் மாதிரி அலுமினியப் பள்ளம் விட்டு, அடியில் வெளியே திறந்துவிட்டோம். பீடிங்கைத் தாண்டி வருகிற தண்ணீர் பள்ளத்தில் இறங்கிக் கீழே போய்விடும். ஒரு மணி நேரம் ஹோஸ் பைப்பால் அடித்துப் பார்த்தார். உள்ளே கையை வைத்தால் காய்ந்திருந்தது. அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன்.

உளுத்ததை வெட்டி எடுத்துச் சாய்வு வெட்டில் புதுத் துண்டு சேர்த்தேன். பலகையின் வெட்டு வாய்தான் தண்ணீரைக் குடிக்கும் என்பதால் அங்கே மட்டும் வார்னிஷை நீர்க்கக் கலந்து, குடிக்கக் குடிக்க நாலு தடவை கொடுத்தேன். பட்டி பார்த்து முடித்ததும் இணைப்பு எங்கே என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கூரைத் தகடுதான் பெரிய பாடம். ஒரு மில்லி அலுமினியத்தைப் பிளைவுட்டில் பசை போட்டு முழுக்க ஒட்டியிருந்தார். வெயிலில் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. இங்கே குளிரில் மைனஸ் முப்பத்தைந்து, கோடையில் முப்பது. மூன்று மீட்டர் தகடு அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய ஒன்றரை நூல் நீளும். ஒட்டினால் அது எங்கே போகும்? இப்போது புதுத் தகட்டைப் பசை இல்லாமல் சும்மா படிய வைத்து, ஓரத்தில் மட்டும் பட்டையும் ஸ்க்ரூவும் கொடுத்துப் பிடித்திருக்கிறோம். தகட்டில் ஓட்டையை ஸ்க்ரூவைவிடப் பெரிதாகப் போட்டேன், நகர இடம் வேண்டுமல்லவா. சரியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் பாரம். பேட்டரி, தண்ணீர்க் கேன் எல்லாம் பின்னால் அடுப்படியில் இருந்தன. நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டியதாம், அவருடைய வீட்டம்மா பயந்து போவாராம். வண்டியின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். ஆள் எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்குக் கீழே வைத்துப் பார்த்தால் 31 கிலோ. வண்டி 540 கிலோ. பேட்டரியையும் ஸ்டெப்னியையும் முன்னால் கொண்டு வந்ததும் 66 ஆகிவிட்டது. லோடு ஏற்றும்போது கிளீனரைத் திட்டுவீர்களே, பின்னால் குமிக்காதே என்று. அதுதான்.

அடுப்படியில் நானாக ஒன்று செய்தேன். அஞ்சறைப்பெட்டி உட்காரும் அளவுக்கு வட்டமாக ஒரு குழிவுத் தட்டு. அவர் கேட்கவில்லை. என்னுடைய ரசத்தை ஒரு நாள் குடித்துவிட்டு, கடுகும் சீரகமும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், அதனால் செய்தேன். எனக்கு அவர் பெரோகி என்ற பண்டம் கொடுப்பார். மைதா மாவில் உருளைக்கிழங்கு வைத்துச் சோமாசி மாதிரி மடித்து, கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, வெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்குவது. ருசியாகத்தான் இருக்கும். அம்மா அனுப்பிய எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுத்தான் சாப்பிட்டேன். அது மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது. ஜாடியைக் கழுவாமல் வைத்திருக்கிறேன்.

இரண்டு பேர் மூடிய பெட்டிக்குள் தூங்கினால் மூச்சின் ஈரமே விடியும்போது கூரையிலிருந்து சொட்டும். அதற்காக உள்கூரையில் ஒரு அங்குல ஃபோம் பலகை வைத்து, பதினாலு அங்குலச் சதுரத்தில் சின்ன ஃபேனோடு திறப்பு வைத்தோம். பலன் தெரிய யாராவது ஒரு ராத்திரி உள்ளே தூங்கிப் பார்க்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை நான் படுத்தேன். இந்த மாதத்தில் இங்கே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பதினொன்றுக்கு மேல் மழை பிடித்தது. தகட்டின்மேல் விழுகிற சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன் அப்பா. ஆயுத பூஜைக்கு முன்னால் டெலிவரி நெருக்கும்போது பட்டறையிலேயே தங்குவோமே, பாதி முடிந்த கேபினில் டிரைவர் படுக்கிற மேல் பலகையில் என்னைப் படுக்க வைத்து உங்கள் லுங்கியைப் போர்த்திவிடுவீர்கள். கீழே நீங்கள் ரிவிட் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரும். இங்கே நான் இருக்கும் பேஸ்மென்ட்டில் ஒரு சத்தமும் கிடையாது. புது அறை வேண்டுமென்றே மாறினேன், கதகதப்பாக இருக்கிறது, ஆனால் மழை பெய்தால்கூடத் தெரியாது. அன்று விடிய விடிய விழித்தே இருந்தேன். காலையில் கூரை காய்ந்திருந்தது.

வண்டிக்குள் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது. எந்தத் தேதியில் என்ன பழுது பார்த்தது என்று பெரியவர் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், இருபது வருஷமாக. சில வரிகள் அந்த அம்மாவின் கையெழுத்து. நேற்று பென்சிலை என்னிடம் கொடுத்தார். நம் லாரிகளின் பின்பக்கம் எழுதுகிற மாதிரி, தேதி போட்டுப் பட்டறைப் பெயரையும் ‘நாமக்கல்’ என்றும் தமிழில் எழுதினேன். என்ன எழுதினாய் என்று கேட்டார். அப்பாவின் பட்டறை என்றேன்.

முதலில் எல்க் தீவு என்கிற காட்டுக்கு இழுத்துப் போகப் போகிறோம், இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர், பெயர் தீவு என்றாலும் தீவு இல்லை, காட்டெருதுகள் மந்தையாகத் திரியும் இடம். அது சரிப்பட்டால் ஆகஸ்ட்டில் ஜாஸ்பர் மலை. போன வருஷம் ஜூலையில் காட்டுத்தீயில் அந்த ஊரில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துவிட்டது. அவர்கள் வருஷாவருஷம் போன இடம், பார்க்க வேண்டும் என்கிறார். வேலைக்குக் கூலி என்று என் கையில் திணித்தார். பக்கத்து வீட்டில் காசு வாங்காதே என்பீர்கள். வாங்கிக்கொண்டேன் அப்பா.

சரி, வீட்டு விஷயம். அம்மாவின் சங்கிலியைத் திருப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இந்த வருஷமும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வையுங்கள், தீபாவளிக்குள் நான் பார்க்கிறேன். இந்த மாதம் அனுப்பியது குறைவு என்று தெரியும், டாலர் ரேட் சரியாக இல்லை. அக்காவுக்கு ஆவணியில் பிரசவம் என்றால் சீர் செலவுக்கு மேலத்தெரு மாமாவிடம் கேட்காதீர்கள், முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

தம்பியை இந்த வருஷம் இங்கே அனுப்ப வேண்டாம். மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். கையிருப்பாகக் காட்டவேண்டிய பணம் முன்பு 10,000 டாலர், 2024 ஜனவரியில் அதை 20,635 ஆக்கினார்கள். கல்லூரிக் கட்டணம் தனி. டிப்ளமாவை முடிக்கட்டும். அவன் கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

பட்டறையை விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பெனி கேபினோடு வருகிற வண்டிகள் பெருகிவிட்டன, புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகிறது, ஷெட்காரரும் வாடகையை ஏற்றுகிறார், எல்லாம் புரிகிறது. உங்கள் முழங்காலும் முன்போல் இல்லை. ஷெட்டை விட்டுவிடலாம். மெஷின்களையும் வெல்டர் அண்ணனுக்கே கொடுத்துவிடுங்கள், நியாயமாக விலை வைப்பார். ஆனால் இழைப்புளி, மூலைமட்டம், தாத்தாவின் கொட்டாப்புளி மூன்றையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி மச்சில் வையுங்கள்.

பதில் எழுதும்போது ஒன்று சொல்லுங்கள். ஓரப் பட்டைக்கு ஸ்க்ரூ இடைவெளி மூன்று அங்குலம் விட்டிருக்கிறேன். வளைவு திரும்புகிற இடத்தில் பட்டை கொஞ்சம் எழும்புகிறது. அங்கே மட்டும் இரண்டாக நெருக்கலாமா, இல்லை பட்டையைக் கழற்றி முதலில் வளைத்துக்கொண்டு மாட்டுவதா? எல்க் தீவுக்கு 28-ஆம் தேதி கிளம்புகிறோம். கடிதம் வர மூன்று வாரம் ஆகும், அதனால் அம்மாவைப் போனில் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புள்ள மகன்

அம்மாவுக்கு: ஊறுகாய் அனுப்ப வேண்டாம், தபால் செலவு அதிகம். எலுமிச்சைக்கு உப்பு எத்தனை நாள் ஊறவேண்டும் என்று மட்டும் அப்பாவை எழுதச் சொல்லுங்கள்.