நாய் இருக்கு எண்டு முதலே சொன்னோமே

யாழ்ப்பாணத்தில் வீடு வாடகைக்கு விடுகின்றவர்களுக்கும், வெளிநாட்டில் இருக்கும் அவர்களுக்காக இங்கே திறப்பு வைத்திருக்கும் உறவினருக்கும், இடையில் நிற்கும் தரகர் அண்ணைமாருக்கும் வணக்கம்.

இடமாற்றத்தில் வருகிற அரசாங்க உத்தியோகத்தர் வீடு தேடிப் படும் பாடு உங்களுக்குப் புதிதல்ல. பல்கலைக்கழகமும் போதனா வைத்தியசாலையும் இருக்கிற ஊரில் ஓர் அறைக்கே எவ்வளவு இழுபறி என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். அந்தக் கதையை விடுகிறேன். நான் மட்டக்களப்பிலிருந்து அம்மாவையும் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு வந்தவள். எழுதவேண்டி வந்தது நாயால்.

கொக்குவில் பக்கம் ஒரு வீடு. சொந்தக்காரர் கனடாவில். முதல் தடவை கதைத்தபோதே நாய் இருக்கிறது என்று சொன்னோம். வைபரில் படமும் அனுப்பினோம். "அதுக்கென்ன, வளவு பெரிசுதானே" என்றார். ஆறு மாத முற்பணம் போட்டோம். தரகருக்கு ஒரு மாத வாடகை கொடுத்தோம். சாமான் ஏற்றிய லொறி ஏ9 வீதியால் வந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. திறப்போடு வந்த உறவினர் எங்கள் நாயைக் கண்டதும் கேற்றைத் திறக்காமல் நின்றுவிட்டார். "இதைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே." கனடாவுக்கு எடுத்தோம், பதில் இல்லை. பக்கத்து வீட்டார் விரும்பமாட்டினம், கிணறு பங்குக் கிணறு, கோழி வளர்க்கிற வீடுகள் இருக்கு என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. லொறிக்காரர் இறக்கவா விடவா என்று அவசரப்படுத்துகிறார். அம்மா மதிலோரம் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நிற்கிறா. அப்போது அந்த உறவினர், மிகவும் அன்பாகத்தான், ஒரு வழி சொன்னார்: "நாயைக் கொண்டுபோய் இங்க பக்கத்தில திருநெல்வேலிச் சந்தையடியில விட்டிட்டு வாங்கோ தங்கச்சி. ஆராவது சாப்பாடு போடுவினம். நீங்கள் சாமானை இறக்கலாம்."

அதற்குப் பிறகு இதையே வேறு பலரும் சொல்லிவிட்டார்கள். ஒருவர் கோயிலடி என்றார், இன்னொருவர் பஸ் நிலையத்தடி என்றார். சொன்னவர்கள் கெட்டவர்கள் அல்ல. பழைய கதிரையை எங்கே போடுவது என்று யோசனை சொல்வதுபோலச் சொன்னார்கள். குட்டியிலிருந்து வீட்டுக்குள் படுத்து, அம்மா இரவில் இருமினால் எழும்பிப் போய்ப் பார்க்கிற பிராணி, சந்தையில் எப்படிப் பிழைக்கும்? அங்கே முதலே இடம்பிடித்திருக்கிற நாய்கள் அதைக் குதறும். தப்பினால் அதுவும் கட்டாக்காலி. பிறகு அது ரியூசனுக்குச் சைக்கிளில் போகிற ஒரு பிள்ளையைத் துரத்தும். உடனே நீங்களே மாநகரசபைக்கு மனு எழுதுவீர்கள். 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. கருத்தடையும் தடுப்பூசியும்தான் மிஞ்சிய வழி. அங்கே ஒரு நாய்க்குக் கருத்தடை செய்து முடிப்பதற்குள் இங்கே வாடகை வீட்டு வாசலில் இன்னொன்றைத் தெருவுக்கு அனுப்பினால் கணக்கு எங்கே போய் முடியும்?

நாங்கள் கேட்பது பெரிய விடயம் இல்லை. நாய் கூடாது என்றால் முற்பணம் வாங்க முன்னர் சொல்லுங்கள். சம்மதம் என்றால் ஒப்பந்தத்தில் அதை ஒரு வரி எழுதுங்கள், திறப்பு வைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் பயத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. முன்பு இருந்த வாடகைக்காரர் நாயைக் கட்டியபடியே விட்டுவிட்டு வீட்டைக் காலிசெய்துகொண்டு போன கதையை அரியாலையில் ஒருவர் சொன்னார். அவர் இனி நாய் என்றாலே வேண்டாம் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீர்வெறுப்பு நோய்க்குப் பயப்படுவதும் நியாயம்தான். அறிகுறி தொடங்கிவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். ஆனால் அதற்குத்தானே ஊசி இருக்கிறது? சுகாதாரப் பகுதியினர் அதை இலவசமாகவே போடுகிறார்கள். எங்கள் நாய்க்கு வருடா வருடம் போட்டு அட்டை வைத்திருக்கிறோம். "பெட்டையோ!" என்று பதறுகிறவர்களுக்குக் காட்ட, கருத்தடை செய்த மிருக வைத்தியரின் கடிதமும் கைவசம் உண்டு. கதவு கீறப்படும் என்றால் அதற்கென்று மேலதிகமாக ஒரு தொகை வாங்கி வையுங்கள். 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி நாயை உள்ளூராட்சி மன்றத்தில் பதியவேண்டும். பதியத் தயாராக இருக்கிறோம். விண்ணப்பத்தில் எழுத எங்களுக்கு இந்த ஊரில் ஒரு விலாசம்தான் இன்னும் கிடைக்கவில்லை.

நல்லூரில் ஓர் அம்மா வேறு மாதிரி மறுத்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்தால் ஊரே இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சிப் பக்கம் சனத்தோடு சனமாக நடக்கமுன், கிணற்றடியில் கட்டியிருந்த தன் நாயை அவிழ்த்துவிட்டுப் போனவராம். இனி அந்த முற்றத்தில் ஒரு நாயைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றார். அவரோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, உள்ளதைச் சொன்னார். எல்லோரிடமும் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

மற்ற இடங்களில் நடந்தது விசாரணை. சொந்த இடம் எது? மட்டக்களப்பில எந்தப் பக்கம்? சைவமோ, வேதமோ? எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்? வீட்டில மச்சம் காய்ச்சுவீங்களோ? சுற்றி வளைத்து எதை அறியப் பார்க்கிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு தரகர் நாயையும் விட்டுவைக்கவில்லை. "சாதி நாயோ, ஊர் நாயோ? சாதி நாய் எண்டால் கதைச்சுப் பாக்கலாம்." எங்கள் நாய் கல்லடியில் வாய்க்காலோரம் எடுத்த குட்டி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் இருக்கிற ஒழுங்கையின் முடக்கில் வைரவர் கோயில். சுவாமிக்கு வாகனம் நாய். வடைமாலை எல்லாம் ஒழுங்காகச் சாத்துகிறார்கள். வைரவரே வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும், வாகனத்தைச் சந்தையடியில் விட்டிட்டு வாங்கோ என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது.

மன்னிக்கவேண்டும், கேட்க வந்தது வேறு. கொக்குவில் வீட்டுக்குப் போட்ட முற்பணத்தில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்பினார்கள். தரகுக் காசு வரவேயில்லை. நானும் அம்மாவும் ஓர் அறையில் இருக்கிறோம். நாய் சாவகச்சேரியில், என்னோடு வேலைசெய்யும் ஒருவரின் வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பஸ் ஏறிப் போய், பின்னேரம் வரை அதோடு இருந்துவிட்டு வருகிறா. அவவுக்கு முழங்கால் ஏலாது.

ஆகவே திரும்பவும் தயவாகக் கேட்கிறேன். இல்லை என்பதை முற்பணத்துக்கு முன்னர் சொல்லுங்கள், ஓம் என்பதை எழுத்தில் தாருங்கள். திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் பக்கம் கேற் ஒழுங்காகப் பூட்டக்கூடிய இரண்டு அறை வீடு யாரிடமாவது இருந்தால், வாடகை கதைக்க முன்னர் நாயைக் கொண்டுவந்து காட்டுகிறோம். ஊசி அட்டையும் கொண்டுவருவோம். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வையுங்கள், அவர்களும் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், நாங்கள் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறோம்.

இப்படிக்கு,
வீடு தேடும் ஓர் அரசாங்க உத்தியோகத்தர்